குப்பைத் தொட்டியில் இரண்டு அடி

சான்ட்ரிங்ஹாமில் அக்காவின் சாப்பாட்டு மேசையில் பெரிய மேளம் என்னுடைய பங்கு. மேசையின் சன்னலோரப் பலகை நடுவில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அங்கே உள்ளங்கையால் அடித்தால் அடிவயிறு வரை அதிரும். சின்ன மேளம் அக்காவுக்கு. பத்து விரல் நுனிகளாலும் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி வாசிப்பார். அண்ணா இரண்டு கைகளையும் வாய்க்கு முன்னால் குவித்துக்கொண்டு யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவி போல முனகுவார். டிவியில் டிரம் கோர் ஓடும்.

தெரியாதவர்கள் கேட்டால் டிரம் கோரை நான் இப்படித்தான் சொல்வேன். பித்தளை ஊதுகருவிகளும் மேளங்களும் கொண்ட பெரிய குழு. அமெரிக்காவில் கோடைக்காலம் முழுக்க ஊர் ஊராகப் போய் மைதானங்களில் போட்டி போடுவார்கள். நின்ற இடத்தில் நின்று வாசிப்பவர் குறைவு. ஓடிக்கொண்டும் பின்பக்கமாக நடந்துகொண்டும் வாசிப்பார்கள். நடுவில் கொடி வீசுகிறவர்கள் சுழன்று போவார்கள். எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட அமெரிக்காவுக்குப் போனதில்லை. எல்லாம் திரையில் பார்த்ததுதான்.

அக்கா, அண்ணா என்பதெல்லாம் நான் கூப்பிடுகிற முறைதான், சொந்தமில்லை. அக்கா மலேசியாக்காரர், இங்கே மருத்துவமனையில் நர்ஸ். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பேண்டில் டிரம்பெட் ஊதியவர். அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர், எலக்ட்ரீஷியன். மவுண்ட் ரோஸ்கில்லில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் அடுப்பு சுவிட்சைப் பழுதுபார்க்க வந்தவர், என் கணினியில் ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுக் கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே நின்றுவிட்டார். அந்த வாரமே என்னை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். நான் கோயம்புத்தூரில் படித்தவள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் கருவி வைத்து, சத்தம் அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்கிறதா என்று அளந்து அறிக்கை எழுதுவது என் வேலை. எந்த வாத்தியமும் எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் குறையைப் பட்டியல்களால் ஈடுகட்டி வந்தேன். எந்த நிகழ்ச்சி, ஊதுகிறவர்கள் எப்படி, மேளம் எப்படி, நடை எப்படி, மயிர்க்கூச்செறிந்த இடம் எது என்று எல்லாம் கட்டம் போட்டு வைத்திருப்பேன்.

"எப்பவும் ஏணி ஷோதான் லா முதல்," என்பார் அக்கா. "அவ்ளோ பேரு ஏணி மேல ஏறி நின்னு ஊதுறாங்க, ஒருத்தன் தடுமாறல."

"ஏணியில ஏறினாப்போல சங்கீதம் ஆகிடுமே? அப்பிடியெண்டால் நானும் ஒவ்வொரு நாளும் ஏணியிலதான் நிக்கிறன். ஒருத்தரும் கை தட்டக் காணேல்லை," என்பார் அண்ணா.

"அண்ணா சொல்றது ஒரு வகையில சரி. ஏணி ஷோவுல நடைக்கு நல்ல மார்க் போடலாம், ஆனா ஊதுறதுல கடைசிப் பகுதி கொஞ்சம் அவசரம்..." என்று நான் ஆரம்பித்தால், அக்கா என் பக்கம் சம்பல் கிண்ணத்தைத் தள்ளுவார்.

"ஜட்ஜம்மா வந்துட்டாங்க. முதல்ல சாப்பிடு மா."

அண்ணா மட்டும் எங்களில் நிஜமாக வாசிக்கிறவர். நகரத்தில் ஒரு பிராஸ் பேண்டில் யூஃபோனியம் ஊதுகிறார். டிரம் கோர் மாதிரி ஓட்டமும் ஆட்டமும் கிடையாது. சீருடை போட்டு உட்கார்ந்து வாசிக்கும் பேண்ட். ஆனால் போட்டிக் காலத்தில் ஒரு நாள் தெருவில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். நடுவர்கள் கூடவே நடந்து, வரிசை நேராக இருக்கிறதா, கால் ஒன்றாக விழுகிறதா, ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

போட்டிக்குச் சில மாதம் முன்னால் அண்ணா தன் பேண்ட் ஒத்திகையைப் போனில் பதிந்துகொண்டு வந்தார். சந்திக்கும்போதெல்லாம் அதைப் போட்டு, அவர் முனக, நாங்கள் மேசையில் தாளம் போட்டோம். அவருக்கு மனப்பாடம் ஆக வேண்டும் என்பதற்காக. ஆனால் எனக்குத்தான் நன்றாக மனப்பாடம் ஆனது.

அப்போதுதான் இரட்டை அடியைப் பற்றிச் சொன்னார். "ட்ரொம்போன்காரர் எல்லாருக்கும் முன்னால நடக்கிறவை. பின்னால என்ன நடக்குதெண்டு அவைக்குத் தெரியாது. பாட்டை நிப்பாட்ட வேணுமெண்டால் பெரிய மேளம் தாளத்துக்குக் குறுக்கால ரெண்டு அடி கூட்டிப் போடும். அதைக் கேட்டால் எல்லாரும் ஒண்டா நிப்பாட்ட வேணும். ஆரும் திரும்பிப் பாக்கக்கூடாது."

அவர்கள் பேண்டில் பெரிய மேளக்காரர் பஸ் ஓட்டும் டோங்கா நாட்டு மனிதர். போன வருடத் தெருப் போட்டியில் அவர் அந்த இரட்டை அடியை முந்திப் போட்டுவிட்டார். பாட்டு நடுவிலேயே நின்றுபோனது. மேளத்தை அவரிடமிருந்து வாங்கி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த வருடம்தான் திரும்பக் கிடைத்திருக்கிறது.

"இந்த முறையும் பிழைச்சால் அவருக்கு மேளம் இல்லை, பேனர் தூக்கிக்கொண்டு முன்னால நடக்க வேண்டியதுதான் எண்டு, கோல் பிடிச்சு பேண்டை நடத்திற டிரம் மேஜர் முகத்துக்கு நேரா சொல்லிப்போட்டா," என்றார் அண்ணா. "மனுசன் பஸ்ஸுக்குள்ள ஸ்டியரிங்கில அடிச்சுப் பழகிறாராம்."

"பயணிங்க பாவம் லா," என்றார் அக்கா.

போட்டிக்கு முந்தைய வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அண்ணாவின் செய்தி வந்தது. தெருவின் நீளம் பாட்டு ஒருமுறைக்குத்தான் வரும் என்று நினைத்தது தவறாம், அதைவிட நீளமாம். அதனால் பாட்டை ஒருமுறை முடிக்கிற இடத்தில் நிறுத்தாமல் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கப் போகிறார்கள். இரட்டை அடி இரண்டாம் முறையில்தான். நான் அதைப் படித்தேன். கட்டை விரல் படம் ஒன்றும் போட்டேன்.

போட்டியன்று மழையும் வெயிலும் மாறி மாறி வந்தன. அக்காவும் நானும் பஸ் பிடித்து நகரத்துக்குள் போய், சரிவான அந்தத் தெருவில் ஒரு காபிக் கடை ஓரமாக நல்ல இடம் பிடித்தோம். சாசேஜ் சுடும் புகை வந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் கடையின் சக்கரக் குப்பைத் தொட்டி, இடுப்பைத் தாண்டிய உயரம், மூடி போட்டுக் காலியாக நின்றது. மழை விட்ட நேரத்தில் என் பையை அதன்மேல் வைத்திருந்தேன். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கைகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அண்ணாவின் பேண்ட் வந்தது. முன்னால் டிரம் மேஜர், உயரமான வெள்ளைக்காரப் பெண், வெள்ளிப் பூண் போட்ட கோலைத் தூக்கிப் பிடித்திருந்தார். அடுத்து ட்ரொம்போன்கள். நடுவில் மேளங்கள். பெரிய மேளத்துக்குப் பின்னால் அந்த மனிதரின் நெற்றி மட்டும் தெரிந்தது. அண்ணா சீருடையில் வேறு யாரோ மாதிரி இருந்தார். எங்களைப் பார்க்கக்கூடாது என்பதால் பார்க்கவில்லை.

திரையில் கேட்டதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் எழுதப் போவதில்லை. கருவி இருந்திருந்தால் எண்ணாகச் சொல்லியிருப்பேன். சுவர்களுக்கு நடுவே அந்தப் பித்தளைச் சத்தம் என் நெஞ்செலும்பில் வந்து மோதியது. அவ்வளவு நாள் மேசையில் கேட்ட பாட்டு எனக்கு முன்னால் கால் முளைத்து நடந்து போனது. நான் இருக்கும் இடத்தை மறந்துவிட்டேன். பாட்டின் கடைசி வரி வந்தது. மேசையில் எப்போதும் அந்த இரட்டை அடியை நான் போடும் இடம் வந்தது.

இரண்டு உள்ளங்கைகளாலும் போட்டேன்.

காலித் தொட்டி எவ்வளவு ஆழமாக முழங்கும் என்று சத்தம் அளக்கிற வேலை பார்க்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய மேளத்தின் சத்தத்தோடு அப்படியே பொருந்தியது. ட்ரொம்போன் வரிசை சட்டென்று கருவிகளை இறக்கியது. கார்னெட்டுகளில் பாதி நிறுத்தியது, பாதி தொடர்ந்தது. பின்வரிசை திரும்பவும் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு மூலையில் டூபா மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சில அடிகள் அப்படிக் கலைந்து நடந்தபிறகு டிரம் மேஜர் கோலை அசைத்து எல்லோரையும் மறுபடி சேர்த்தார். கூடவே நடந்த நடுவர் தலை நிமிராமல் எழுதினார்.

அக்கா என் கைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவை இன்னும் மூடிமேல் இருந்தன.

"மா," என்றார் அக்கா மெதுவாக. "நீயா?"

எங்களைச் சுற்றி நின்றவர்கள் பேண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. என் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடியது. பேண்டின் மேளமும் அதே சமயத்தில் அடித்திருக்கலாம். ட்ரொம்போன்காரர்கள் திரும்ப வாசிப்பதை மறந்திருக்கலாம். நான் அடித்தது அவ்வளவு தூரம் கேட்டிருக்காமலும் இருக்கலாம். ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடினேன். சத்தம் அதிகமில்லை என்று என்னிடம் சாதிக்கிற கட்டட மேஸ்திரிகள் இப்படித்தான் பேசுவார்கள்.

தெரு முடிகிற இடத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் பேண்டுகள் கலைந்து நின்றன. நாங்கள் போனபோது அண்ணாவின் பேண்ட் வட்டமாக நின்றது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. நடுவில் மேளத்தைக் கழற்றாமலே அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். மேளத்தின் வார் அவர் தோளை அழுத்திக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க எல்லாரும்," என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். "என் கை எப்போ போச்சுன்னே எனக்குத் தெரியல. போடக்கூடாது, போடக்கூடாதுன்னு எண்ணிக்கிட்டேதான் வந்தேன். எப்படியோ போட்டுட்டேன்."

யாரோ அவர் முதுகைத் தட்டினார்கள். டிரம் மேஜர் கையுறையைக் கழற்றியபடி, "அப்புறம் பேசலாம்," என்றார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. மேளக்காரர் கோல்களைக் கீழே போடாமல் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். போடாத அடியைப் போட்டதாக நம்பிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காதுமடல் சுட்டது.

அண்ணா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது. "பாத்தனீங்களே? பாவம் அந்த மனுசன். முடிஞ்சுது, இனி அவருக்கு மேளம் இல்லை."

அக்கா என்னைச் சொல்லச் சொல்லவும் இல்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. சாசேஜ் சுற்றிய காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் அடிக்கல அண்ணா," என்றேன்.

"பிறகு?"

"நான்தான். குப்பைத் தொட்டியில."

அண்ணாவுக்கு விளங்க நேரமானது. என் கைகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார்.

"மேசையில போடுற அதே ரெண்டு அடியோ?"

"ஆமா."

"தங்கச்சி, திருப்பி வாசிக்கப் போறம் எண்டு நான் எழுதினனான். நீ கட்டை விரல் போட்டனீ."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேளக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வா, அவருக்குச் சொல்லு," என்றார். "நான் சொன்னால் அவரைக் காப்பாத்த நான் கதைக்கிறன் எண்டு நினைப்பினம்."

இருபத்தைந்து பேர் முன்னால் நின்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வேலைக் கூட்டங்களில் எனக்குக் குரல் நடுங்குவதில்லை. அன்று முதல் வரியை இரண்டு முறை தொடங்கினேன். தொட்டி, மூடி, என் கை, எந்த இடத்தில், ஏன் என்று வரிசையாகச் சொல்லப் பார்த்தேன். 'ஏன்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

மேளக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு, "அப்போ நான் இல்ல," என்றார். கேள்வியா என்று தெரியவில்லை. "நான் இல்ல," என்று மறுபடி சொன்னார்.

ட்ரொம்போன்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "குப்பைத் தொட்டிக்கா நாங்க நிறுத்தினோம்?"

டிரம் மேஜர் சிரிக்கவில்லை. வெளியிலிருந்து இடைஞ்சல் வந்தால் நடுவர்களிடம் முறையிடலாம், ஆனால் இடைஞ்சல் செய்தவரே வந்து சொல்ல வேண்டும் என்றார். வருவீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். கையுறையைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன்.

நடுவர்கள் கூடாரத்துக்குக் கீழே மேசை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்த நடுவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"எதை அடித்தீர்கள்?"

"குப்பைத் தொட்டியை."

"எதற்காக?"

"அங்கே எப்போதும் அடிப்போம். வீட்டில்."

"நீங்கள் வாசிக்கிறவரா?"

"இல்லை. ரசிகை."

அவர் அதை எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதைத் தலைகீழாகப் படித்தேன். ரசிகை என்ற ஒரு சொல்லை அவர் அடிக்கோடிட்டார். எல்லா பேண்டும் முடிந்தபிறகு அந்த பேண்ட் மறுபடி நடக்கலாம் என்று முடிவானது. டிரம் மேஜர் நன்றி சொன்னார். எனக்கா, நடுவருக்கா என்று தெரியவில்லை.

ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்காவோடு பழைய இடத்துக்கு வந்து நின்றபோது அது வந்தது. பார்வையாளர் ஒருவர் உற்சாகத்தில் குப்பைத் தொட்டியைத் தட்டிவிட்டதால் இன்ன பேண்ட் திரும்ப நடக்கிறது, பார்வையாளர்கள் தயவுசெய்து தெருவில் உள்ள பொருள்களில் தாளம் போட வேண்டாம். தெரு முழுக்கச் சிரித்தது. ஆரஞ்சு நிற அங்கி போட்ட ஒரு பெண் நேராக எங்களிடம் வந்து, "இதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்," என்று தொட்டியைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனார். சக்கரங்கள் நடைபாதையில் கடகடவென்று போக, போகும் வழியில் இருந்தவர்கள் எல்லோரும் தொட்டி எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"போயிடலாமா அக்கா?"

"நில்லு லா. தொட்டியை எடுத்தாச்சு, நீயும் போயிட்டா என்னைத்தான் பாப்பாங்க."

அண்ணாவின் பேண்ட் மறுபடி வந்தது. நான் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். ட்ரொம்போன்காரர் ஒருவர் கடக்கும்போது கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டினார். முதல் முறை பாட்டு முடிகிற இடம் வந்தது. அந்த இடத்தில் எதிரே நின்ற குடும்பம், காபிக் கடைக்காரர், குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்த ஒருவர் எல்லோரும் பேண்டை விட்டுவிட்டு என் கைகளைப் பார்த்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கைகளை வெளியே எடுத்து விரித்துக் காட்டினேன். பாட்டு நிற்காமல் முதலிலிருந்து தொடங்கியது. சிலர் கை தட்டினார்கள்.

கீழே எல்லைக் கோட்டுக்கு அருகில் மேளக்காரர் இரட்டை அடியைப் போட்டது எங்களுக்கு மெலிதாகத்தான் கேட்டது. எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். அதன்பிறகு கால்களின் சத்தம் மட்டும் போனது.

மேளம் அவரிடமே இருக்கிறது. பிறகு ஒருநாள் அண்ணா அவரை அக்கா வீட்டுக்கு அழைத்து வந்தார். மேளக்காரர் தட்டு நிறையப் புட்டும் கோழிக்கறியும் வாங்கி, ஏணி ஷோவைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அந்த வருடம் பிடித்த நிகழ்ச்சிகளை ஆளுக்கு ஐந்து சொல்ல வேண்டும் என்று அக்கா தொடங்கினார்.

"எனக்கு முதலாவது குப்பைத் தொட்டி," என்றார் அண்ணா.

"எனக்கும் லா."

மேளக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் என்னிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "சிஸ்டர், நீங்க வந்து சொல்ற வரைக்கும் இருந்த அந்த நேரம் இருக்கே. அப்போ இனிமே பஸ்கூட ஓட்டக்கூடாதுன்னு நெனச்சேன். என் கையை நம்ப முடியலேன்னா எப்படி ஓட்டறது?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார். தெரு சிரித்ததை நானே பிறருக்குச் சொல்லிச் சிரிக்கிறேன். இதை யாருக்கும் சொன்னதில்லை. காபிக் கடையிலிருந்து கார் நிறுத்துமிடம் வரைக்கும் நான் மெதுவாகத்தான் நடந்தேன்.

டிவியில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கியது. அக்கா விரல்களை மேசைமேல் வைத்தார். மேளக்காரர் என் பக்கத்துப் பலகையைத் தட்டிப் பார்த்து, நல்ல சத்தம் என்று புருவத்தை உயர்த்தி, நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

"நீங்க வாசிங்க," என்றேன். "நான் கொடி."

பேப்பர் டவலில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.